பிள்ளை யார் பொறுப்பில்?

பிள்ளைத்தமிழ் பாடும் புலவர் முதற்கண் அமைப்பது காப்புப் பருவம். குழந்தைக்கு எத்தீங்கும் நேராமற் காத்தருளுக என வேண்டுவதே அப்பருவத்தின் பொருள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவங்களைக் கரும்பலகையில் எழுதி, இளங்கலை மாணவர்க்கு ஆண்டுதோறும் இதனை நடத்தி வருகிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீதே பிள்ளைத்தமிழ் நூல்கள் பல பாடப்பெற்றுள்ள செய்தியை அவ்வேளையில் பெருமிதத்தோடு எடுத்துரைப்பதும் நம் வழக்கம். ஆயினும் காத்தல் என்னும் சொல்லுக்கு நாம் அறிந்திருந்தது ஏட்டுப் பொருள் மட்டுமே என்பதை நம் வீட்டில் நிகழ்ந்த ஒன்று உணர்த்திற்று.

அதனை இம்மலரில் எழுதலாமா என நெடுநாள் தயங்கினோம். குடும்பச் செய்தியைப் பொதுவில் வைப்பது நம் மக்கள் இயல்பன்று. எனினும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் நம் ஊர்களிலிருந்து குடும்பத்தோடு சென்று வாழ்வோர் பெருகியுள்ள காலம் இது. ஒரு வீட்டார் செய்த பிழை மற்றொரு வீட்டார்க்குப் பாடமாகக் கூடும் என்னும் எண்ணமே தயக்கத்தை வென்றது. தங்கையின் இசைவைப் பெற்றே எழுதுகிறோம். பெயர்களை மட்டும் விலக்கியுள்ளோம்.

நல்லூர் வீட்டில்

நம் வீடு விருத்தாசலத்தைச் சார்ந்த நல்லூரில் உள்ளது. அத்தா பீங்கான் பட்டறையில் அச்சு வார்க்கும் தொழிலாளியாக இருந்தார்கள். களிமண்ணைக் கரைத்த குழம்பைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சிய பின்னர்ப் பொம்மையை மெல்லப் பிரித்தெடுத்து, நிழலில் உலர்த்திச் சூளைக்கு அனுப்புவார்கள். ஈரம் காயுமுன் சூளையில் ஏற்றினால் வெடித்துவிடும் என்பதனால், "அவசரம் ஆகாது" என்பது அவர்கள் நாள்தோறும் சொல்லும் சொல்லாயிற்று. அந்த வருவாயில்தான் நாம் எம்.ஃபில். வரை கற்றோம், தங்கையும் பட்டம் பெற்றாள்.

சிங்கப்பூரில் பணிபுரிந்த மாப்பிள்ளைக்கு அவளை நிக்காஹ் செய்து கொடுத்தோம். அங்கேயே ஓர் ஆண்மகவு பிறந்தது. பிள்ளைக்கு ஆறு வயது நடக்கையில் இருவரும் பிரிய நேர்ந்தது. குற்றம் எவர்பால் என்பதை ஈண்டு ஆராயப் புகவில்லை. இருவருமே நல்லவர்கள்; ஒருவர்க்கொருவர் நல்லவர்களாக இருக்க இயலாமற் போயிற்று என்று கூறுவதே நேர்மை.

சிங்கப்பூரில் முஸ்லிம் தம்பதியரின் மணவிலக்கை முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்கீழ் இயங்கும் ஷரீஅத் நீதிமன்றம் விசாரிக்கிறது. அங்கேதான் இவர்கள் வழக்கும் முடிந்தது. பிள்ளையைப் பற்றிய பெரிய முடிவுகளைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டும். அன்றாட வளர்ப்பு தாயிடம். வார இறுதியும் விடுமுறையின் ஒரு பாதியும் தந்தைக்கு. ஒருவர் மற்றவரின் எழுத்து மூலமான இசைவின்றிப் பிள்ளையை நாட்டைவிட்டுக் கொண்டுசெல்லலாகாது. இதுவே ஆணையின் சாரம்.

ஆணை வந்த சில திங்களில் ஒரு மாத விடுமுறைக்கென்று மாப்பிள்ளையிடம் எழுத்தில் இசைவு பெற்றுத் தங்கை பிள்ளையோடு நல்லூர் வந்தாள். மாதம் முடியும் தறுவாயில் பயணப் பெட்டியைக் கட்டத் தொடங்கியவளை நாமே தடுத்தோம்.

"இனி அங்கே உனக்கு யார் இருக்கிறார்? பிள்ளை உன் பிள்ளை. மார்க்கமும் தாய்க்குத்தானே உரிமை தருகிறது? நான் இருக்கிறேன்" என்றோம்.

தமிழாசிரியர் என்ற மதிப்பைக் கொண்டு அருகிலிருந்த பள்ளியொன்றில் பிள்ளையைச் சேர்த்தோம். தங்கையின் தொலைபேசி எண்ணை மாற்றச் சொன்னதும் நாமே. இவையனைத்தையும் காத்தல் என்றே கருதினோம்.

மூன்றாம் மாதம், முன்னறிவிப்பின்றி மாப்பிள்ளை வந்தார். தோளில் ஒரு பையோடு திண்ணையில் நின்றார். உள்ளே வாருங்கள் என்று நாம் அழைக்கவில்லை. பிள்ளை உறவினர் வீட்டுக்குச் சென்றிருக்கிறான் என்று நா கூசாமற் பொய் கூறினோம். அவர் சச்சரவு செய்யவில்லை. பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, "ஸலாம் சொல்லுங்க, அத்தா வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க" என்று மட்டும் கூறிச் சென்றார். பைக்குள் பிள்ளையின் பள்ளிப் புத்தகங்களும் ஒரு சோடிக் காலணியும் இருந்தன. காலணி அதற்குள் பிள்ளைக்குச் சிறிதாகிவிட்டிருந்தது.

அதன்பின் ஒரு மாலை. ஊரெங்கும் மின்சாரம் இல்லை. கல்லூரியிலிருந்து திரும்பிய நாம் கதவைத் தட்டினோம். தங்கை வந்து திறந்தாள். கதவுக்குப் பின்னால் இருட்டில் பிள்ளை சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டிருந்தான். நம்மைக் கண்டதும் கையை எடுத்து மெல்லக் கேட்டான்:

"மாமா, அத்தா வந்தா நான் இல்லைன்னுதானே சொல்லணும்?"

தபால்காரர் வந்தாலும் பால்காரர் வந்தாலும் அவன் இவ்வாறே ஒளிந்துகொள்வதை அம்மா பின்னர்க் கூறினார்கள். மாப்பிள்ளை திண்ணையில் நின்ற நாளில், பேசாதிரு என்று சொல்லி அவனை அக்கதவின் பின்னாலேயே நிறுத்தி வைத்திருந்தோம். தந்தையின் குரலை அவன் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறான். மறுநாள் வகுப்பில் காப்புப் பருவம் நடத்த வேண்டிய நாள். நூலைத் திறந்தோம், குரல் எழவில்லை. உடல்நலமில்லை என்று கூறி வெளியேறினோம்.

சட்டத்தின் கேள்வி

அன்று நேரே சென்றது விருத்தாசலம் நீதிமன்ற வளாகத்துக்கு. நம்மிடம் தமிழ் பயின்று, பின்னர்ச் சட்டம் கற்று, அங்கே வழக்கறிஞராக இருக்கும் பழைய மாணவர் ஒருவரைக் கண்டோம். நடந்ததை ஒளிக்காமற் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, கோபிக்கக் கூடாது. பிள்ளை யாருக்கு உரியவன் என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். நீதிமன்றம் அந்தக் கேள்வியைக் கேட்காது. பிள்ளைக்கு எது நன்மை என்று கேட்கும்" என்றார்.

அதன்பின் சில மாதங்கள், மாலைதோறும் அவர் மேசைமீதிருந்த தீர்ப்புத் தொகுதிகளை அவர் துணைகொண்டு படித்தோம். அறிந்தவற்றுள் பொதுமக்கட்குப் பயன்படுவனவற்றை மட்டும் இங்கே தருகின்றோம்.

நம் நாட்டில் இதற்கு அடிப்படையாக உள்ளது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம். சிறுவர் வழக்கமாக வாழும் இடத்துக்குரிய நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்பது அதன் 9ஆம் பிரிவு. 17ஆம் பிரிவு இதன் உயிர்நிலை. சிறுவர்க்குரிய தனிச்சட்டத்தோடு இயைந்த வகையில், எது அவர் நலனுக்கு உகந்தது என்று நீதிமன்றம் காண வேண்டும். வயது, பால், சமயம், காப்பாளராக விழைவோரின் குணமும் தகுதியும், உறவின் நெருக்கம் ஆகியவற்றைக் கருத வேண்டும். அறிவோடு விருப்பம் தெரிவிக்கத்தக்க வயதை எய்திய சிறுவரின் விருப்பத்தையும் கருதலாம் என்கிறது அது. இந்துக்களுக்கென 1956இல் வந்த இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவும் சிறுவர் நலனையே தலையாயதாக வைக்கிறது. நூற்றாண்டுக்கு முற்பட்ட சட்டமாயினும், சுதந்திர இந்தியாவின் சட்டமாயினும், இரண்டும் வந்து நிற்கும் இடம் ஒன்றே.

மார்க்கத்தின் கேள்வி

தாய்க்கே உரிமை என்று தங்கையிடம் நாம் கூறியது முழுப் பொய்யன்று. முழு உண்மையும் அன்று. இஸ்லாமியச் சட்டம் இருவேறு பொறுப்புகளைப் பிரித்துக் காண்கிறது. குழந்தையை அருகிருந்து வளர்க்கும் பொறுப்பு ஹிளானத். அதன் காப்பாளராக நின்று செலவையும் சொத்தையும் மேற்பார்க்கும் பொறுப்பு விலாயத். முன்னது முதற்கண் தாய்க்குரியது. பின்னது தந்தைக்குரியது. ஹனஃபி வழியில் மகனுக்கு ஏழு வயது வரையும் மகளுக்குப் பருவமெய்தும் வரையும் தாயின் ஹிளானத் நீடிக்கிறது. ஷாஃபிஈ வழியிலோ, நன்மை தீமை பகுத்தறியும் வயது வந்ததும், யாரிடம் இருப்பது என்று குழந்தையே தெரிவு செய்யலாம். தமிழகத்தின் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ வழியினரும், நம் போன்ற உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி வழியினரும் மிகுதி. ஆகவே இரு வழக்குகளும் நம் மக்கள் அறிந்தவையே.

இத்தொடர்பில் ஹதீஸ் நூல்களில் வரும் நிகழ்ச்சி ஒன்று நம் உள்ளத்தை நெடுநாள் ஆட்கொண்டது. உமர் (ரலி) அவர்கள் தம் மனைவியை மணவிலக்குச் செய்திருந்தார்கள். அவ்வம்மையார் வயிற்றுப் பிள்ளையாகிய ஆஸிம், குபாப் பள்ளிவாசல் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது, தந்தையார் கண்டு, அவனைத் தூக்கித் தம் வாகனத்தின்மீது முன்னால் அமர்த்திக்கொண்டார்கள். பிள்ளையின் தாய்வழிப் பாட்டியார் ஓடிவந்து தடுத்தார்கள். வழக்கு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்றது. பாட்டிக்கும் பிள்ளைக்கும் இடையே குறுக்கிட வேண்டா என்று கலீஃபா தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் மறுமொழி ஒன்றும் கூறவில்லை.

முதன்முறை இதனைப் படித்தபோது தாய்வழி வென்றது என்று மகிழ்ந்தோம். கதவு நிகழ்ச்சிக்குப் பின்னர் மீண்டும் படித்தபோது வேறொன்று தென்பட்டது. பிள்ளையைத் தூக்கிச் சென்றவர் எவராயினும், அவர் உமரேயாயினும், தம் கைவலிமையால் வழக்கை முடித்துவிடல் ஆகாது என்பதே அது. அரபகத்தின் ஆற்றல் மிக்க அம்மனிதர் பேசாது பிள்ளையை விட்டுவிட்டார்கள். நாமோ ஒரு பொய்யைத் திண்ணையில் நிறுத்திப் பிள்ளையைக் கதவின் பின் வைத்தோம். குழந்தையை முன்னிட்டுத் தாயும் துன்புறுத்தப்படலாகாது, தந்தையும் துன்புறுத்தப்படலாகாது என்னும் கருத்துத் திருக்குர்ஆனில் பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தில் அமைந்துள்ளது. அதன் முற்பாதியை மட்டும் நாம் ஓதிவந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

தீர்ப்புகள் நடந்த வழி

வெளிநாட்டில் பிரிந்த பெற்றோருள் ஒருவர் பிள்ளையோடு இந்தியா வந்துவிட்டால் என்னாகும்? உச்ச நீதிமன்றம் 40 ஆண்டுகளாக இக்கேள்வியோடு போராடி வருகிறது.

1984இல் சுரிந்தர் கவுர் சந்து வழக்கு. இங்கிலாந்தில் வாழ்ந்த தம்பதியரின் மகனைத் தந்தை பஞ்சாபுக்குக் கொண்டுவந்துவிட்டார். பாட்டன் வீட்டு வளமும் சூழலும் பிள்ளைக்கு நல்லது என்று உயர் நீதிமன்றம் கருதியது. உச்ச நீதிமன்றம் அதனை ஏற்காமல், எளிய ஊதியம் பெற்றுவந்த தாயிடமே பிள்ளையை ஒப்படைத்தது. குடும்பத்தின் வாழ்வு எந்நாட்டில் வேரூன்றியிருந்ததோ அந்நாட்டு நீதிமன்றமே விசாரிக்கத் தக்கது என்றது. 1986இல் எலிசபெத் தின்ஷா வழக்கிலும், அமெரிக்காவிலிருந்து தந்தையால் கொண்டுவரப்பட்ட மகன் தாயிடம் திருப்பியளிக்கப்பட்டான்.

1997இல் தன்வந்தி ஜோஷி வழக்கு வேறு திசையில் முடிந்தது. கைக்குழந்தையோடு அமெரிக்காவிலிருந்து திரும்பிய தாய் அவர். வழக்கு முடியும்போது மகன் 12 வயதைக் கடந்திருந்தான். அவன் அறிந்த நாடு இந்தியா ஒன்றே. அயல்நாட்டு ஆணையைக் கருத வேண்டும், ஆயினும் பிள்ளையின் நலனை அதற்குப் பலியிடலாகாது என்று கூறித் தாயிடமே விட்டது நீதிமன்றம்.

தமிழகத்தோடு தொடர்புடைய வழக்குகள் பின்னர் வந்தன. 2009ஆம் ஆண்டின் ரவிச்சந்திரன் வழக்கை வாசித்த இரவு நமக்கு உறக்கம் இல்லை. நியூயார்க் நீதிமன்றம் பெற்றோர் இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு அளித்திருந்தது. 2007 சூனில் தாய் மகனோடு இந்தியா வந்தார். தந்தை உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தொடுத்தார். ஈராண்டுக்கு மேலாகத் தாயையும் பிள்ளையையும் காவலரால் கண்டுபிடிக்க இயலவில்லை. இறுதியில் மத்தியப் புலனாய்வுத் துறை 2009 அக்டோபரில் அவர்களைச் சென்னையில் கண்டது. பிள்ளைக்கு அப்போது ஏழு வயது. ஓரிடத்தில் நிலைத்து வாழாமலும் தொடர்ந்து ஒரு பள்ளியில் பயிலாமலும் இருந்த பிள்ளை இங்கே வேரூன்றிவிட்டான் என்று சொல்ல முடியாது என நீதிமன்றம் கண்டது. அமெரிக்க நீதிமன்றத்திடமே செல்லுமாறு நவம்பரில் ஆணையிட்டது. தாய்க்கும் பிள்ளைக்கும் பயணச் செலவையும் அங்குத் தங்கும் ஏற்பாட்டையும் தந்தையே ஏற்க வேண்டும் என்றும் விதித்தது. கதவின் பின் நின்ற நம் பிள்ளைக்கும் அதே வயது.

சூர்ய வதனன் வழக்கு நம் கொங்கு மண்ணைத் தொட்டது. இங்கிலாந்தில் வாழ்ந்த தாய் 2012இல் இரு மகள்களோடு தாயகம் திரும்பிக் கோயம்புத்தூர்க் குடும்ப நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோரினார். தந்தை இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் ஆணை பெற்றார். சென்னை உயர் நீதிமன்றம் தந்தையின் மனுவைத் தள்ளிற்று. 2015இல் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி, பயன்தரத்தக்க ஆணையை முதலிற் பிறப்பித்த நீதிமன்றத்துக்கே முதன்மை தர வேண்டும் என்று கூறியது.

ஈராண்டு கழித்து, 2017 சூலையில், நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் மூவர் அமர்வு அந்நெறியை ஏற்க மறுத்தது. எந்த நீதிமன்றம் முந்தியது என்பது ஒரு கூறு மட்டுமே; பிள்ளையின் நலனே முதன்மையானது என்றது. இதயக் குறையுடைய அப்பெண்குழந்தை தாயிடமே இருக்க நேர்ந்தது. 2020இல் யஷிதா சாஹு வழக்கிலோ, பிள்ளையோடு அமெரிக்கா திரும்புமாறு தாய்க்கு ஆணை பிறந்தது. உடனிருக்க இயலாத பெற்றோர்க்குக் காணொளி வழியேனும் பிள்ளையோடு பேசும் உரிமை வேண்டும் என்று அத்தீர்ப்பு வலியுறுத்தியது. 2022இல் ராஜேஸ்வரி சந்திரசேகர் கணேஷ் வழக்கு. இதில் அமெரிக்காவிலிருந்து பிள்ளைகளைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்து திருப்பியனுப்பாதவர் தந்தை, தேடிவந்தவர் தாய். ஒகையோ மாநில நீதிமன்றம் முன்னரே கூட்டு வளர்ப்புத் திட்டம் வகுத்திருந்தது. பிள்ளைகள் தாயிடம் திரும்ப வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

ஒருமுறை தாய்க்கு, ஒருமுறை தந்தைக்கு. ஒருமுறை திரும்பிச் செல், ஒருமுறை இங்கேயே இரு. மேலோட்டமாக நோக்குவார்க்கு இத்தீர்ப்புகள் முரண்படுவன போலத் தோன்றும். ஊன்றி நோக்கின், நீதிமன்றம் கேட்கும் கேள்விகள் மாறவில்லை. பிள்ளை வந்து எவ்வளவு காலமாயிற்று? எம்மொழியில் பேசுகிறது, எங்கே பயில்கிறது? நோயும் மருத்துவமும் உண்டா? திருப்பியனுப்பினால் தீங்கு நேருமா? தாய் அங்கே சென்றால் தங்க இடமும் உண்ண வழியும் உண்டா? விடைகள் வழக்குக்கு வழக்கு வேறுபடுதலின் முடிபுகளும் வேறுபடுகின்றன. இவற்றுள் முதற் கேள்வியே நம்மைக் குத்திற்று. காலம் கடத்தினால் பிள்ளை இங்கே வேரூன்றிவிடும் என்று கணக்கிட்டே நாம் ஒளித்தோம். அந்தக் காலம் முழுவதும் பிள்ளை ஒரு தந்தையை இழந்துகொண்டிருக்கிறான் என்பதை அக்கணக்கில் சேர்க்கவில்லை.

நாடுகளுக்கிடையே

இத்தகைய வழக்குகளை ஆண்டுக்கணக்கில் இழுக்காமல் முடிப்பதற்கென 1980 அக்டோபர் 25ஆம் நாள் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. ஒரு பெற்றோரால் முறையின்றி வேறு நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளையை, அது வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கு விரைந்து திருப்பியனுப்ப வேண்டும். யாரிடம் வளர்வது என்பதை அந்நாட்டு நீதிமன்றம் முடிவு செய்யட்டும் என்பதே அதன் அமைப்பு. திருப்பினால் கடுந்தீங்கு நேரும் எனக் காட்டினால் மறுக்கலாம் என்னும் விலக்கும் அதில் உண்டு. இலங்கை 2001இல் இதற்கெனத் தனிச்சட்டமே இயற்றிற்று. சிங்கப்பூரும் பாகிஸ்தானும் சேர்ந்துள்ளன. இந்தியா இன்றளவும் சேரவில்லை.

சேர வேண்டும் என்று சட்ட ஆணையம் 2009இல் தன் 218ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. 2016இல் 263ஆம் அறிக்கையில் சட்ட முன்வரைவையே ஆராய்ந்து தந்தது. நீதிபதி ராஜேஷ் பிந்தல் தலைமையிலான குழு 2018இல் தன் அறிக்கையை அளித்தது. கொடுமை பொறுக்காது தாயகம் ஓடிவரும் பெண்ணைக் குற்றவாளிபோல் திருப்பியனுப்புவதா என்பது சேரத் தயங்குவோரின் கேள்வி. அக்கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. அயல்நாட்டில் விசாவுக்கும் வாடகைக்கும் கணவனையே நம்பி வாழும் பெண்ணின் நிலையை அறிந்தோர் அதனை எளிதாகத் தள்ளமாட்டார்கள். ஆயினும் நம் தங்கைக்கு அத்தகைய கொடுமை நேரவில்லை. பிறர்க்கு நேர்ந்த துயரத்தை நம் பிடிவாதத்துக்குப் போர்வையாக்கிக் கொண்டோம் என்பதே நாம் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி.

பின்னர் நிகழ்ந்தது

வழக்கறிஞர் மாணவரின் சொற்படி முதலில் மாப்பிள்ளைக்கு நாமே தொலைபேசியில் பேசினோம். ஸலாம் கூறி, திண்ணையில் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டோம். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பின்னர், "பிள்ளை நல்லா இருக்கானா?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவே காணொளியில் பிள்ளையை அவர் கண்டார். பிள்ளை முதலில் பேசவில்லை. பேசலாமா என்று நம் முகத்தைப் பார்த்தான். தலையசைத்தோம். அதன்பின் ஒரு மணி நேரம் பேசினான்.

ஊர் ஜமாஅத்தின் மூத்தவர் ஒருவர் நடுவில் நின்றார். தங்கையை அனுப்பத் துணியாத அம்மாவிடம் அவர் கூறிய சொல் ஒன்றே: "பேரனை நீங்க வச்சுக்கலாம்மா. அவன் அத்தாவை எங்கே கொண்டு போய் வைப்பீங்க?" அம்மா அழுதார்கள், பின்னர் இசைந்தார்கள்.

சனவரியில் அங்குப் பள்ளி தொடங்குமுன் தங்கை திரும்ப வேண்டும். காலம் கடந்ததற்காக மாப்பிள்ளை அவள்மீது நடவடிக்கை கோரக் கூடாது. பயணச் செலவும் ஆறு மாத வாடகையும் அவர் பொறுப்பு. எழுத்தில் வரைந்து இருவரும் ஒப்பமிட்டு, அங்குள்ள வழக்கறிஞர் வழியாக நீதிமன்றத்தில் வைத்தார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் கண்ட நிபந்தனைகளையே மாதிரியாகக் கொண்டோம். தங்கை திரும்பினாள். பழைய ஆணையே நிலைத்தது. இன்று அவள் அங்கே குழந்தைகள் காப்பகம் ஒன்றில் பணிபுரிகிறாள். வாழ்க்கை எளிதன்று, வாடகையும் தனிமையும் அவளை வாட்டுகின்றன. திரும்பியது சரியா என்று சில இரவுகளில் அழுதுகொண்டே கேட்கிறாள். அண்ணன் என்னும் முறையில் அதற்கு விடை சொல்லும் துணிவு நமக்கு இல்லை. பிள்ளை தந்தையோடு வார இறுதியில் செல்கிறான் என்பதை மட்டும் அவளுக்கு நினைவூட்டுகிறோம்.

பெரியோர்க்கும் மாணவர்க்கும்

இவ்வனுபவத்தின் வழியே நாம் கூற விழைவன சில.

அயல்நாட்டில் மணவிலக்கு நேர்ந்தால், அந்நாட்டு நீதிமன்ற ஆணையின் சான்றிட்ட படி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். பிள்ளையோடு தாயகம் வருவோர் மற்றவரின் எழுத்து மூலமான இசைவையும் திரும்பும் நாளையும் குறித்தே வருக. உண்மையிலேயே கொடுமைக்கு அஞ்சி வருவோர் ஒளிந்து வாழ வேண்டா. மருத்துவச் சான்றுகளையும் காவல்துறையில் அளித்த முறையீடுகளையும் கொண்டு உடனே நீதிமன்றத்தை அணுகுக. ஒளிந்தவரின் உண்மையான துயரமும் நீதிமன்றத்தில் எடுபடாமற் போகும். வழக்கு நடக்கும் காலத்திலும் பிள்ளை இருவரோடும் பேசட்டும்.

ஜமாஅத் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். ஒருவீட்டார் வந்து கேட்டவுடன், தாய்க்கே உரிமை என்றோ தந்தைக்கே உரிமை என்றோ உடனடியாகச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் ஒரு சொல்லை நம்பி ஒரு வீடு கதவைச் சாத்திக்கொள்ளக் கூடும். ஈரம் காயுமுன் சூளையில் ஏற்றலாகாது என்று நம் அத்தா சொன்னது பீங்கானுக்கு மட்டும் ஆனதன்று.

மாணவச் செல்வங்களே, உங்களுள் பலர் நாளை கடல் கடந்து செல்வீர்கள், மணம் புரிவீர்கள். உங்கள் இல்லறம் நீடித்து நிலைப்பதாக. ஒருகால் பிரிய நேரினும், கணவனும் மனைவியும் பிரியலாம். அத்தாவும் அம்மாவும் பிரிய முடியாது என்பதை மறவாதீர்கள்.

சென்ற திசம்பர் விடுமுறையில், அவர்கள் முறைப்படி, பிள்ளையை அழைத்துவந்தவர் மாப்பிள்ளை. நாம் கல்லூரியிலிருந்து திரும்பியபோது இருட்டிவிட்டிருந்தது. கதவைத் தட்டினோம். ஓடிவரும் காலடி கேட்டது. "யாரு?" என்று உரக்கக் கேட்டுக்கொண்டே பிள்ளைதான் வந்து திறந்தான். உள்ளே அம்மா மாப்பிள்ளைக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அச்சமின்றிக் கதவைத் திறக்கும் நாளை வல்ல இறைவன் அருள்வானாக.